கத்திரி வெயிலில் ஒரு போர்வை: மொட்டைமாடி வெப்பமானி, இரண்டாம் மாதம்

கோவையில் எங்கள் மொட்டைமாடியில் வெப்பமானி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. முதல் வாரக் கணக்கெல்லாம் குப்பை. வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் டிஎச்டி22 சென்சாரைக் கைப்பிடிச் சுவரில் அப்படியே ஒட்டிவிட்டேன். மத்தியானம் 44 காட்டியது. அது சுவரின் சூடு, காற்றின் சூடு இல்லை.

அப்புறம் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற பிளாஸ்டிக் தட்டு ஆறு வாங்கி, வெள்ளை பெயிண்ட் அடித்து, நடுவில் ஓட்டை போட்டு, கவிழ்த்த வாக்கில் நீளமான போல்ட்டில் கோத்தேன். தட்டுக்குத் தட்டு இரண்டு விரல் இடைவெளி. காற்று புகணும், வெயில் படக்கூடாது, அவ்வளவுதான். கம்பத்தில் ஆள் உயரத்துக்குக் கட்டியதும் அதே மாதிரி வெயிலில் 37 என்றது. சரி, இதை நம்பலாம்.

வேலூரில் இருக்கும் அக்காவுக்கும் ஒன்று செய்து கொடுத்தேன். கொடுக்கும் முன் இரண்டையும் ஒரு ராத்திரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் அக்காவுடையது 0.4 டிகிரி கூடுதலாகக் காட்டியது. அதைக் கழித்துத்தான் எழுதுகிறேன்.

வழக்கமாக ஜூன் 1 வாக்கில் கேரளம் வரும் தென்மேற்குப் பருவமழை, 2025இல் மே 24ஆம் தேதியே வந்துவிட்டது. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. இங்கே கத்திரி முடிய இன்னும் நான்கு நாள் இருந்தது! மறுநாள் என் மாடியில் குறைந்தது 22.6, அதிகம் 25.9. மேகம் பகலில் வெயிலை மறைத்து, ராத்திரியில் சூடு வெளியேறாமலும் மூடிவிட்டதால், கிராப்பில் கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி கிடந்தது. வேலூரில் அன்றைக்கு 37.8.

“டேய், இங்க மண்டை காயுது, நீ போர்வை போர்த்திக்கிட்டு போட்டோ அனுப்புறியா?” என்று அக்கா போனில் திட்டினாள்.

கோவை சுமார் 400 மீட்டர் உயரம், வேலூர் 200 சொச்சம். ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்று போட்டாலும் உயரத்துக்கு ஒன்றேகால் டிகிரிதான் சேரும். மிச்சமெல்லாம் காற்றின் வேலை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகமும் சாரலும் நேராக எங்களிடம் வருகின்றன. மலையைத் தாண்டி இறங்கும் காற்றோ ஈரத்தை இழந்து, சூடேறிக் கிழக்கே வேலூர்ப் பக்கம் போகிறது. அந்த மேற்குக் காற்று பலமாக வீசினால் சென்னையில்கூடக் கடற்காற்று தாமதமாகத்தான் உள்ளே நுழையும்.

ஐந்து நாள் சாரலில் என் சென்சாரின் ஈரப்பதம் 99.9இல் சிக்கிக்கொண்டது. வெயில் வந்த பிறகும் இறங்கவில்லை. கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டிருக்கிறேன்.