அரிசோனா ஈஎஸ்ஏ: மென்பொருள் வாங்கும் முன் ரசீதைப் பாருங்கள்

பெண்ணின் கணக்கு மென்பொருளுக்குக் கைக்காசு போட்டுக் கட்டிய பணம் கடைசியில் திரும்ப வந்துவிட்டது. அது வந்து சேரட்டும் என்றுதான் இதை எழுதாமல் இருந்தேன். சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் இருக்கிற நம்மவர்கள் பலர் "ஈஎஸ்ஏ போடலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஈஎஸ்ஏ (Empowerment Scholarship Account) என்பது பிள்ளையின் படிப்புச் செலவுக்காக அரிசோனா மாநிலம் பணம் போடுகிற கணக்கு. போடுவது பெரிய விஷயமே இல்லை. பிறப்புச் சான்றிதழ், முகவரிக்கு ஆதாரம், ஆன்லைனில் விண்ணப்பம், ஒப்பந்தத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். தலைவலியெல்லாம் செலவு செய்யும்போது வருகிறது. அதிலும் மென்பொருள் என்றால் கூடுதலாகவே வருகிறது.

புதிதாக யோசிப்பவர்கள் மட்டும் இந்தப் பத்தியைப் படியுங்கள். இது பிள்ளையின் மேல்படிப்புக்காகச் சேமிக்கும் 529 கணக்கு மாதிரி நாம் சேர்த்து வைக்கிற பணம் இல்லை. பிள்ளை அரசுப் பள்ளிக்குப் போயிருந்தால் மாநிலம் தந்திருக்கும் தொகையில் 90 சதவீதத்தை நம் பொறுப்பில் விடுகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 டாலர் வரும், காலாண்டுத் தவணையாக. 2011இல் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று தொடங்கியதை 2022இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டால் பிள்ளை அரசுப் பள்ளியிலும் இருக்க முடியாது, அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளியிலும் இருக்க முடியாது. வாசிப்பு, இலக்கணம், கணக்கு, சமூக அறிவியல், அறிவியல் ஐந்தையும் கற்பிக்கும் பொறுப்பு நம் தலையில் வந்துவிடும். இன்னொன்று, சட்டப்படி இது ஹோம்ஸ்கூலிங் கிடையாது. ஹோம்ஸ்கூல் பிரமாணப் பத்திரம் கொடுத்தவர்கள் முதலில் அதைத் திரும்பப் பெற வேண்டும்.

இனி என் கதை. 2024 இலையுதிர்காலம். பெரியவளுக்கு ஒரு கணக்கு மென்பொருள் பிடித்துப்போனது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பாடம் உண்மையிலேயே நல்ல பாடம். அவர்களுடைய தளத்தில் பச்சைப் பட்டையில் 'ஈஎஸ்ஏ ஏற்கப்படும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அரட்டைப் பெட்டியிலும் கேட்டேன். "அரிசோனாவில் நிறைய குடும்பங்கள் வாங்குகிறார்கள், ரசீது மின்னஞ்சலில் வந்துவிடும்" என்றார்கள். சரி என்று டேப்லெட்டில் அவர்கள் கொடுத்த இணைப்பை அழுத்தினேன். அது நேராக ஆப் ஸ்டோருக்குக் கொண்டுபோய் ஓராண்டுச் சந்தாவை வாங்க வைத்தது.

வந்த ரசீதைப் பார்க்க வேண்டுமே! மேலே ஆப் ஸ்டோரின் பெயர். கீழே என் கணவரின் மின்னஞ்சல். நடுவில் 'பிரீமியம், 1 ஆண்டு, தானாகப் புதுப்பிக்கப்படும்' என்று ஒரு வரி. அப்புறம் தொகை. பெண்ணின் பெயர் இல்லை, கணக்கு என்ற சொல் இல்லை, இது பாடமா பப்ஜியா என்றுகூடத் தெரியாது.

ஈஎஸ்ஏ பணத்தைச் செலவு செய்வதும் ரசீது கொடுப்பதும் கிளாஸ்வாலட் என்ற இணையதளம் வழியாகத்தான். ரசீதை அதில் ஏற்றி, கைப்பணத்தைத் திருப்பிக் கேட்கும் பிரிவில் சமர்ப்பித்தேன். அந்தச் சமயத்தில் அந்த வரிசை எவ்வளவு நீளமாக இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். என் முறை வந்தபோது 'திருத்தி அனுப்பவும்' என்று திரும்பியது: வாங்கிய பொருள் என்ன, எந்த மாணவருக்கு என்று விளங்கவில்லையாம். பார்த்தவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

என் கோபமெல்லாம் மென்பொருள்காரர்கள் மேல்தான். இன்வாய்ஸ் கேட்டால் முதலில் ரோபோ பேசியது. அதைத் தாண்டி ஒரு மனிதர் கிடைத்ததும், "இன்வாய்ஸ் பள்ளிகளுக்கு மட்டும்தான், வீடுகளுக்குத் தருவதில்லை" என்றார்.

"உங்கள் தளத்தில் ஈஎஸ்ஏ ஏற்கப்படும் என்று போட்டிருக்கிறீர்களே?"

"ஆமாம். நீங்கள் வாங்கிவிட்டு மாநிலத்திடம் கேட்டுக்கொள்ளலாம்."

இதற்கு எதற்குப் பச்சைப் பட்டை? கடன் அட்டையையும்தான் ஏற்கிறார்கள்! அதோடு, ஆப் ஸ்டோர் வழியாக வாங்கியதால் பணம் கட்டிய விவரம் எதுவும் தங்களிடம் இல்லை என்று வேறு கைவிரித்தார். ஸ்டோரில் பணத்தைத் திரும்பக் கேட்கும் கெடு அதற்குள் முடிந்திருந்தது. "விடு, நம்ம காசுன்னு நினைச்சுக்கலாம்" என்றார் கணவர். எனக்கு விட மனசில்லை.

காப்பாற்றியது கோயிலில் பழக்கமான ஓர் அக்கா. அவர் பையனுக்கு ஆட்டிசம். எல்லோருக்கும் திறந்துவிடுவதற்கு முன்பிருந்தே இதில் இருக்கிறார்கள். இந்தத் திட்டத்தின் சந்துபொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. "நீ ஏன்மா இன்வாய்ஸ்னு கேக்குற? அப்படிக் கேட்டா ஸ்கூல் செக்‌ஷனுக்குத் தள்ளி விட்டுடுவாங்க. சந்தா உறுதிக் கடிதம் வேணும்னு கேளு. அதுல என்னென்ன இருக்கணும்னு நீயே எழுதிக் குடுத்துடு, அவங்க அப்படியே லெட்டர்ஹெட்ல ஒட்டி அனுப்பிடுவாங்க" என்றார்.

அன்றிரவே எழுதினேன். மாணவியின் முழுப்பெயர். மென்பொருளின் பெயர். என்ன பாடம், எந்த வகுப்பு. சந்தா தொடங்கும் நாள், முடியும் நாள். வரியோடு சேர்த்து எவ்வளவு. முழுத் தொகையும் செலுத்தப்பட்டது, பாக்கி இல்லை என்று ஒரு வரி. நிறுவனத்தின் பெயர், முகவரி. கூடவே ஆப் ஸ்டோர் ரசீதும், கடன் அட்டை அறிக்கையில் அந்த ஒரு வரி தெரிகிற பக்கமும். அக்கா சொன்ன மாதிரியே கடிதம் வந்தது. ஆனால் 'குடும்பத் திட்டம், 3 மாணவர்கள்' என்று எங்கிருந்தோ ஒரு வரியும் சேர்ந்து வந்தது! நான் வாங்கியது ஒரு பிள்ளைக்கான சந்தா. சின்னவன் சார்ட்டர் பள்ளியில் படிக்கிறான், அவனுக்கு இந்தப் பணத்தில் ஒரு பென்சில்கூட வாங்க முடியாது. அந்த வரியோடு அனுப்பியிருந்தால் புதிதாக ஒரு வம்பு கிளம்பியிருக்கும். மறுபடி மல்லுக்கட்டி நீக்க வைத்தேன். பிடிஎஃப் வந்தால் திறந்து கடைசி வரி வரை படித்துவிட்டு ஏற்றுங்கள்.

இந்த முறை ஒப்புதல் கிடைத்தது.

வாசிப்பு மென்பொருளுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. கிளாஸ்வாலட்டின் கடைப் பகுதியிலேயே இருந்தது. அழுத்தினோம், நம் கைக்காசைத் தொடாமல் விற்பவருக்கே பணம் போனது, உரிமம் வந்தது. ஆகவே எந்த மென்பொருளானாலும் முதலில் அங்கே தேடுங்கள். இல்லையென்றால் நிறுவனத்திடம் "கிளாஸ்வாலட்டில் விற்பவராகப் பதிந்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். 'ஈஎஸ்ஏ ஏற்பீர்களா' என்று மொட்டையாகக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

தட்டச்சு மென்பொருளில் வேறொரு முடிச்சு. அது துணைக் கருவி, தனிப் பாடம் இல்லை. 2024 ஜூலையில் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்திலிருந்து கல்வித்துறைக்குப் போன கடிதத்துக்குப் பிறகு, துணைப் பொருள் எதுவானாலும் பாடத்திட்டத்தில் அதற்கு இடம் இருப்பதாகக் காட்டச் சொன்னார்கள். பென்சில், அழிரப்பருக்குமா என்று பெற்றோர்கள் கொதித்தார்கள், வழக்கும் போட்டார்கள். நான் கொதித்துக்கொண்டே அரைப் பக்கம் எழுதினேன். பாடத்திட்டத்தை நாமே எழுதிக் கொடுக்கலாம். 'எழுத்துப் பயிற்சி. வாரம் ஒரு கட்டுரை. முதலில் கையால், பிறகு கணினியில். கருவி: இந்தத் தட்டச்சு மென்பொருள்' என்ற அளவில்தான் இருந்தது. மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். பொருளின் பெயரைக் கடையில் இருப்பது போலவே எழுதுங்கள்.

2024 டிசம்பரில் 2,000 டாலருக்குக் கீழே உள்ள கோரிக்கைகளுக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு தணிக்கை செய்வோம் என்று கல்வித்துறை அறிவித்தது. "இனிமேல் ரசீதே வேண்டாமாமே" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். ரசீது முன்பு போலவே வேண்டும், பார்ப்பதுதான் தள்ளிப்போகிறது. அனுமதிக்காத செலவு என்று பின்னால் தெரிந்தால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும், கணக்கையும் நிறுத்திவைக்கலாம். ஒன்றரை வருஷம் கழித்து அந்த நிறுவனத்திடம் போய்க் கடிதம் கேட்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். நான் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு கோப்புறை போட்டு ரசீது, கடிதம், பாடத்திட்டப் பக்கம் மூன்றையும் சேர்த்தே வைக்கிறேன்.

ஆப் ஸ்டோரில் ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றைக்கே செட்டிங்ஸில் சந்தாப் பகுதிக்குப் போய் தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்துங்கள். ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. நிறுத்தினாலும் கட்டிய ஆண்டு முடியும் வரை பிள்ளை பயன்படுத்தலாம். அடுத்த ஆண்டுக்கு நிறுவனத்தின் தளத்தில், கணினியில் உட்கார்ந்து, பிள்ளையின் பெயரில் கணக்குத் தொடங்கி வாங்குங்கள். நாங்கள் அப்படித்தான் செய்யப் போகிறோம், அவர்கள் அதற்குள் கிளாஸ்வாலட்டில் பதிந்திருந்தால் இன்னும் உத்தமம்.