எத்தன மாங்கா கொள்ளும்?

"மக்களே, இதுல எத்தன மாங்கா கொள்ளும்?"

பத்மநாபபுரம் அரண்மனையில ஊட்டுப்புரைங்கிற சாப்பாட்டுக் கூடத்துல, ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கம்மியா நின்ன ஊறுகாய்ப் பரணிகளை, அதான் ஜாடிகளை, பார்த்து ஆச்சி கேட்டது இது.

மேலயும் கீழயுமா ஒரே பந்தியில 2000 பேர் சாப்பிட்ட இடம்னு பக்கத்துல யாரோ சொல்லிட்டிருந்தாங்க. ஆச்சி காதுல விழல. பரணி விளிம்பையே பார்த்துட்டு நின்னா.

பூமுகத்துல, அதான் வாசல் மண்டபத்துல, இருக்கிற குதிரை விளக்கு, கூரையில செதுக்கின 90 பூக்கள், மருந்து மரத்துக் கட்டில் எல்லாத்துக்கும் ஒரு "ம்ம்" மட்டும். தரையை மட்டும் குனிஞ்சு தடவிப் பார்த்தா. சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் சேர்ந்த பளபளப்பு அது. அருங்காட்சியகத்துல மனுசனை அடைக்கிற தண்டனைக் கூண்டுகிட்ட ஒரு நொடிகூட நிக்கல.

1795-ல திருவிதாங்கூர் தலைநகரம் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போயிருச்சு. 1956-ல எல்லை மாறி இந்தப் பக்கம் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு. கோட்டை நிக்கிறது தக்கலை பக்கம் நம்ம மண்ணுல, அரண்மனையைப் பாக்குறது இன்னைக்கும் கேரளத் தொல்லியல் துறை. ஆச்சியும் அப்படித்தான். திருவிதாங்கூர்ல பொறந்து, வீடு மாறாமலே தமிழ்நாட்டுக்காரி ஆனவ.

ராஜா வாளுக்குக் கண்ணாடிப் பெட்டி சரி. ஊறுகாய் போட்ட கைகளைப் பத்தி ஒரு பலகையும் என் கண்ணுல படல.

வீட்டுக்கு வந்ததும் நேரா மொட்டைமாடி. குரோட்டன்ஸ் வச்சிருந்த பழைய பரணியைச் சாய்ச்சு மண்ணைக் கொட்டிட்டிருக்கா.

"செடிக்கு வேற சட்டி பாரு மக்களே."