எது ஸ்பேம், எதைப் புகார் செய்வது: எனக்குப் புரிந்த கதை

பிடிக்காத மின்னஞ்சல் எல்லாமே ஸ்பேம் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். படிக்க மனமில்லாத எதையும் ஸ்பேம் என்று குறித்துத் தள்ளிவிடுவேன். ஒரு சின்னப் பதிப்பகத்தின் மாத மடலும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் ஒருநாள் அவர்களிடமே புத்தகம் வாங்கினேன், ரசீது வரவில்லை. தேடினால் ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறது. பழைய கடிதங்களைப் புரட்டியபோது, அந்த மடலுக்கு நானே பெயர் கொடுத்து உறுதி செய்திருந்தது தெரிந்தது. மனசு கஷ்டமாகிவிட்டது.

'ஸ்பேம்' என்று குறிக்கும் அந்தப் பொத்தானின் விளைவு நம் பெட்டியோடு நிற்பதில்லை. புகார்கள் சேரச் சேர, ஆசையாகக் காத்திருப்பவர்களுக்கும் அந்த மடல் போய்ச் சேராது. தினம் 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயில் 2024 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிப்படி புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரம் கடிதத்துக்கு மூன்று புகார், அவ்வளவுதான்.

சரி, எதுதான் ஸ்பேம்? ஸ்பேம் அனுப்புகிறவர்களைக் கண்காணிக்கும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பு சொல்லும் விளக்கம் எனக்குத் தெளிவாக இருந்தது: நாம் கேட்காமல் வந்திருக்க வேண்டும், மொத்தமாகப் பலருக்கும் போயிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஸ்பேம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது கணக்கில்லை. முன்பின் தெரியாத ஒருவர் என் கட்டுரையைப் படித்துவிட்டு வேலை கேட்டு எழுதினால் அது ஸ்பேம் இல்லை. நல்ல காரியத்துக்கே நன்கொடை கேட்டாலும், விலைக்கு வாங்கிய பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அனுப்பினால் அது ஸ்பேம்தான். 1978இல், இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்குப் போன முதல் ஸ்பேம்கூட உண்மையான கணினிகளுக்கான விளம்பரம்தான்.

இப்போது, நான் பெயர் கொடுத்த இடம் என்றால் 'அன்சப்ஸ்கிரைப்' மட்டும் செய்கிறேன். அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தால் புகார். யாரென்றே தெரியாதவர் அனுப்பியதில் அந்த இணைப்பைத் தொடுவதே இல்லை; தொட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நாமே காட்டிக்கொடுத்தது போல. கடவுச்சொல் கேட்டு வருவதை ஃபிஷிங் என்று தனியாகப் புகார் செய்கிறேன்.

போன மாதம் என் முகவரியிலிருந்தே எனக்கு ஒரு மிரட்டல் கடிதம் வந்தது. பதறிப்போனேன். கடிதம் எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்ற குறிப்புகள் இருக்கும் முழுத் தலைப்பகுதியை (ஹெடர்) திறந்து பார்த்தேன். 'ஃப்ரம்' வரியில் யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம். கடிதம் கடந்துவரும் ஒவ்வொரு சர்வரும் தன் 'ரிசீவ்ட்' வரியை மேலே சேர்க்கும். கீழே இருப்பவை பொய்யாக இருக்கலாம். என் மின்னஞ்சல் நிறுவனத்தின் சர்வர் எழுதியதை நம்பலாம். கடிதத்தை அதனிடம் கொடுத்த கணினியின் ஐ.பி. முகவரி, அதாவது இணையத்தில் அதன் அடையாள எண், எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நெட்வொர்க்குடையது. அந்த நெட்வொர்க்காரர்கள் இப்படிப்பட்ட புகார்களுக்கென்றே வைத்திருக்கும் 'அப்யூஸ்' முகவரிக்குக் கடிதத்தை அப்படியே இணைத்து அனுப்பினேன். சும்மா ஃபார்வர்டு செய்தால் அந்தத் தலைப்பகுதி போகாது.

பதிப்பகத்தின் மடல்களை 'ஸ்பேம் இல்லை' என்று குறித்தேன். அடுத்த மாத மடல் நேராக இன்பாக்ஸுக்கே வந்தது.