பெயரில்லாத டயல்

ஏழு ஆண்டுகளுக்கு முன்பு, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர் எனக்கு ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்தார். கறுப்பு டயல், சுழலும் வெளிவளையம், கனத்த எஃகுச் செயின், பன்னிரண்டுக்குக் கீழே உலகமே அறிந்த ஒரு சுவிஸ் நிறுவனத்தின் பெயர். அது அசல் அல்ல என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்போடு கொடுத்ததை அன்போடு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மறுவாரம் அலுவலகத்தில் மூத்தவர் ஒருவர் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது லட்சக்கணக்கில் வருமே?" என்று கேட்டார். "பரிசாக வந்தது சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அன்று மாலையே அதைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

பல மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதன் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்தது சீனாவில் பெருமளவில் தயாராகும் 2813 வகை ஆட்டோமேட்டிக் மெஷின். ஜப்பானின் மியோட்டா 8200 வரிசையை ஒட்டிச் செய்யப்படுவது. முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பாலன்ஸ் சக்கரம் சீராக ஆடிக்கொண்டிருந்தது. கையை அசைத்தால் சுழலும் அரைவட்ட எடை, ஸ்பிரிங்குக்குத் தானாகச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தது. நாளொன்றுக்கு அரை நிமிடத்துக்குள்தான் அது தவறியது. அந்த விலைக்கு நல்ல மெஷின் என்றே சொல்வேன். பொய் என்று ஒன்று அந்தக் கடிகாரத்தில் இருந்ததென்றால், அது டயலில் அச்சிட்ட சில மில்லிமீட்டர் எழுத்திலும், பக்கத்தில் திருப்பும் குமிழான கீயின் மேல் பதித்த முத்திரையிலும், பின்மூடியில் செதுக்கிய வாசகத்திலும் மட்டுமே இருந்தது. அந்த மூன்றையும் நீக்கிவிட்டால் மிஞ்சுவது உழைத்துச் செய்யப்பட்ட ஒரு எளிய கடிகாரம். மலிவு விலைக் கடிகாரங்களைப் பிரித்து, டயலும் முள்ளும் கண்ணாடியும் மாற்றி, எனக்கேற்றபடி கட்டுகிற இந்தப் பொழுதுபோக்கு அந்த எண்ணத்திலிருந்துதான் தொடங்கியது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். முக்குளிப்போர் அணியும் கடிகாரத்தின் உருவம் 1953-ஐ ஒட்டிப் பிளான்பெயின் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ், ரோலெக்ஸின் சப்மரீனர் ஆகியவற்றோடு நிலைபெற்றது. இருண்ட டயல், இருளில் ஒளிரும் பெரிய முட்கள், நீருக்குள் கழிந்த நிமிடங்களைக் கணக்கிடும் சுழல்வளையம் ஆகிய மூன்றும் தேவையிலிருந்து பிறந்தவை. பிற்காலத்தில் அந்த வளையம் இடப்புறம் மட்டுமே திரும்பும்படி அமைக்கப்பட்டது; தவறிப்போய் இடித்துத் திரும்பினாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டி முக்குளிப்பவரை ஏமாற்றாது. 1965-இல் ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் தன் முதல் முக்குளிப்புக் கடிகாரத்தை இதே இலக்கணத்தில்தான் செய்தது. ஆகவே அந்த உருவத்தைத் தழுவி, தன் சொந்தப் பெயரிலோ பெயரே இல்லாமலோ ஒருவர் கடிகாரம் செய்வதை நான் குறையாகக் கருதவில்லை. ஆர்வலர்கள் அதை 'ஹோமேஜ்' என்கிறார்கள். பிறர் பெயரை அச்சிட்டுச் செய்வது வேறு. இந்தியாவின் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம், 103-ஆம் பிரிவில், பொய்யான வணிகச் சின்னத்தைப் பொருளின்மேல் இடுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை வைத்திருக்கிறது. பெயர் அச்சிட்ட டயல்களும் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. நான் அவற்றை வாங்குவதில்லை. கடிகாரம் கட்டித் தரச் சொல்லிக் கேட்கும் நண்பர்களுக்கும் பொருத்தித் தருவதில்லை.

இந்தப் பொழுதுபோக்கு உலகெங்கும் பரவியதற்குச் செய்க்கோவே பெரிய காரணம். 1996-இல் வந்து 2019 வாக்கில் தயாரிப்பு நின்ற எஸ்கேஎக்ஸ்007 என்ற கடிகாரம் விலை குறைவாகவும் உறுதியாகவும் இருந்ததால், அதற்கு மாற்று டயல், மாற்று முள், மாற்று வளையம் செய்யும் சிறு தொழில்களே உருவாயின. அதன் 7எஸ்26 மெஷினுக்குக் கீயைத் திருப்பிச் சாவி கொடுக்க முடியாது; நேரம் வைக்கும்போது நொடிமுள்ளும் நிற்காது. அந்த இரண்டு குறைகளையும் தீர்த்து, பிற நிறுவனங்களுக்கு விற்பதற்காகச் செய்க்கோ குழுமம் தயாரிக்கும் மெஷின்தான் என்எச்35. உராய்வைக் குறைக்கும் 24 கற்கள், மணிக்கு 21,600 துடிப்புகள், முழுச் சாவியில் ஏறத்தாழ 41 மணி நேர ஓட்டம். நான் முதலில் வாங்கியபோது நான்காயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. இன்று சந்தையில் உள்ள மலிவு விலை ஹோமேஜ் கடிகாரங்களில் பெரும்பகுதிக்கு இதுவே இதயம் என்பதால், ஒன்றுக்கு வாங்கிய உதிரிப்பாகம் இன்னொன்றுக்கும் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது.

மைத்துனர் தந்த கடிகாரத்தைப் பயிற்சிக்கென்றே ஒதுக்கினேன். முள்ளைக் கழற்றுவது, மாட்டுவது, மீண்டும் கழற்றுவது என்று இரண்டு மாதம் அதிலேயே கை பழகிய பிறகுதான், என்எச்35-க்கென்று செய்த 40 மில்லிமீட்டர் எஃகுக் கூடு ஒன்றை வாங்கினேன். டயல் தேர்வில் பொறுமை வேண்டும். அதன் விட்டம் 28.5 மில்லிமீட்டர் என்பது மட்டும் போதாது. பின்புறத்தில் ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களும் மெஷினின் துளைகளில் சரியாக இறங்க வேண்டும். கீ மூன்று மணிக்கு நேராக உள்ள கூடும், நான்கு மணியை ஒட்டிச் சரிந்துள்ள கூடும் வெவ்வேறு கால் அமைப்பைக் கேட்கும். இதைக் கவனிக்காமல் வாங்கினால் டயல் சாய்ந்து நிற்கும்; தேதிச் சாளரத்தில் எண் பாதிதான் தெரியும். நான் தேர்ந்தெடுத்தது எழுத்தே இல்லாத மங்கிய கறுப்பு டயல். மணிக்குறிகளைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

முட்களை ஏற்றுவதுதான் இந்த வேலையின் உயிர். என்எச்35-இல் மணிமுள்ளின் துளை 1.5 மில்லிமீட்டர், நிமிடமுள்ளின் துளை 0.9, நொடிமுள்ளின் துளை 0.2. இந்த மூன்றாவது துளையைக் கண்லென்ஸ் இல்லாமல் சரியாகப் பார்க்க முடியாது. முதலில் கீயை இழுத்து, தேதி அடுத்த எண்ணுக்குத் தாவும் வரை திருப்பி, தாவிய அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், அதுவே நள்ளிரவு. மணிமுள்ளையும் நிமிடமுள்ளையும் சரியாகப் பன்னிரண்டில் வைத்து அழுத்த வேண்டும். பிறகு ஒரு முழுச் சுற்றுத் திருப்பி, ஒவ்வொரு மணிக்கும் நிமிடமுள் பன்னிரண்டில் நிற்கையில் மணிமுள் தன் குறியின்மேல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பாகை விலகினாலும் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். முட்களுக்கிடையே ஒரு தாள் நுழையும் அளவாவது இடைவெளி இருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து விளக்கொளியில் பார்த்தால் அது தெரியும். கடைசியில் நொடிமுள். அதன் குழலை அச்சின் நுனியில் வைத்து, அது தானாக அமர்ந்துவிட்டதா என்று ட்வீசரால் மெல்லத் தொட்டுப் பார்த்து, அதன்பிறகே அழுத்துகோலை இறக்க வேண்டும். அமராத முள்ளை அழுத்தினால் முள் மட்டும் வளையாது, அச்சும் வளைந்துவிடும். அந்தச் சில நொடிகள் நான் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். மின்விசிறியையும் நிறுத்திவிடுகிறேன்.

முதல் கடிகாரத்தில் நான் செய்த தவறு வேறிடத்தில் நிகழ்ந்தது. மெஷினோடு வரும் ஸ்டெம், அதாவது கீயை மெஷினோடு இணைக்கும் தண்டு, வேண்டுமென்றே நீளமாகத் தரப்படுகிறது. கூட்டின் அளவுக்கு ஏற்ப நாம் வெட்டிக்கொள்ள வேண்டும். அவசரத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டிவிட்டேன். கீ கூட்டோடு ஒட்டி நின்ற பிறகும், தண்டு மெஷினுக்குள் முழுதாக இறங்கவில்லை. விலை மிகக் குறைந்த உதிரிப்பாகம்தான். ஆனால் வந்து சேர மூன்று வாரம் காத்திருந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் நீளமாகவே வெட்டி, அரம் கொண்டு சிறிது சிறிதாகத் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மீண்டும் தேய்க்கிறேன். ஒரு ஸ்டெம்முக்கு எட்டு முறை கழற்றி மாட்டியதும் உண்டு.

கடற்கரையோரம் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சென்னையின் ஈரக் காற்றில் பின்மூடியை மூடினால், அந்த ஈரமும் உள்ளேயே அடைபட்டுவிடும். பிறகு குளிரூட்டிய அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடியின் உட்புறம் பனிபடர்ந்தாற்போல மங்கும். அதனால் குளிர்சாதனம் ஒரு மணி நேரமாவது ஓடிய அறையில்தான் மூடுகிறேன். ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் தடவாமல் மூடுவதில்லை. கூட்டின் பின்புறத்தில் 200 மீட்டர் என்று பொறித்திருந்தாலும், நான் திறந்து மூடிய கடிகாரத்தை அழுத்தச் சோதனை செய்யாமல் கிணற்றில்கூட இறக்க மாட்டேன். அந்த எண் கூட்டைச் செய்த ஆலை கொடுத்த உறுதி. திறந்த பிறகு பொறுப்பு என்னுடையது.

ஓட்டத்தைச் சீர்செய்ய டைம்கிராஃபர் என்ற கருவி வாங்கினேன். கடிகாரத்தை அதன் ஒலிவாங்கியில் பொருத்தினால், துடிப்பைக் கேட்டு, நாளுக்கு எத்தனை நொடி கூடுகிறது அல்லது குறைகிறது என்று காட்டும். பாலன்ஸின் ஆட்டத்தைக் கணக்கிட அந்தக் கருவிக்குத் தேவையான லிஃப்ட் ஆங்கிள் என்ற கோணத்தை என்எச்35-க்கு 53 பாகை என்று வைக்க வேண்டும். ஆலை சொல்லும் எல்லை நாளுக்கு −20 முதல் +40 நொடி வரை. என் முதல் மெஷின் +17-இல் ஓடியது. பாலன்ஸின் மேலே இரண்டு சிறு நெம்புகோல்கள் உள்ளன: ஒன்று வேகத்துக்கு, மற்றொன்று துடிப்பின் சமநிலைக்கு. தவறானதைத் தொட்டால் டிக் ஒரு நீளத்திலும் டாக் வேறு நீளத்திலும் விழத் தொடங்கும். சரியானதை ஒரு மயிரிழை நகர்த்தி, டயல் மேல்நோக்கிய நிலையில் +4-க்குக் கொண்டுவந்தேன். கீ கீழ்நோக்கியிருக்கும் நிலையில் அது −3 காட்டியது. நாள் முழுதும் கையில் கட்டினால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன.

இருளில் ஒளிரும் பூச்சை நம் ஊரில் இன்றும் 'ரேடியம்' என்றே சொல்கிறோம். உண்மையான ரேடியம் கடிகாரங்களை விட்டுப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இப்போது பூசப்படுவது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். கதிரியக்கம் இல்லாதது, வெளிச்சத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடுவது. சி3 என்ற வகை பச்சையாகவும் பிஜிடபிள்யூ9 என்ற வகை நீலமாகவும் ஒளிரும். டயலில் ஒன்றும் முட்களில் மற்றொன்றும் அமைந்துவிட்டால் இரவில் கடிகாரம் இரண்டாகப் பிரிந்து தெரியும். வாங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாக் கடிகாரத்தையும் மாற்றலாம் என்று நான் நினைப்பதில்லை. என் தந்தை கட்டிய எச்எம்டி ஜனதா என்னிடம் இருக்கிறது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கடிகாரத் தொழிலைத் தொடங்கிய அந்தப் பொதுத்துறை நிறுவனத்தின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவு செய்தது. அதன்பிறகு பழைய எச்எம்டிகளின் டயல்களைச் சுரண்டி, ஆலை ஒருபோதும் தராத நிறங்களில் மீண்டும் வண்ணமடித்து, மேலே எச்எம்டி என்று புதிதாக அச்சிட்டு, ஆலையிலிருந்து வந்த நிலையிலேயே இருப்பதாகச் சொல்லி விற்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. மெஷின் உண்மையான எச்எம்டிதான். டயல் மட்டும் நேற்றைய வேலை. மறுவண்ணம் என்று சொல்லி விற்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லாமல் விற்பது, என் மைத்துனரிடம் யாரோ விற்ற அந்தச் சுவிஸ் பெயரைவிட எனக்கு அதிகம் வலிக்கிறது; ஏனென்றால் சுரண்டிவிட்ட அந்தப் பழைய டயல்கள் இனித் திரும்பி வரப்போவதில்லை. தந்தையின் ஜனதாவில் மஞ்சள் படிந்த டயலையும் கீறல் விழுந்த கண்ணாடியையும் அப்படியே விட்டிருக்கிறேன். எண்ணெய் மட்டும் மாற்றினேன், அதையும் நாற்பது ஆண்டு அனுபவமுள்ள ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து.

போன பொங்கலுக்கு மைத்துனர் வந்திருந்தபோது, நான் கட்டிய கடிகாரம் என் கையில் இருந்தது. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரே இல்லையே மாமா, எந்த கம்பெனி இது?" என்று கேட்டார். நானே கட்டியது என்றதும் நம்பாமல் பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னார். அன்று இரவு இருவரும் மேசையில் உட்கார்ந்து, அவர் தந்த பழைய கடிகாரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு மெஷின்களையும் அருகருகே வைத்து ஒரு மணி நேரம் பார்த்தோம். அதன் டயலை நான் எப்போதோ கழற்றிவிட்டதை அவர் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவருடைய மணிக்கட்டு மெலிந்தது. 40 மில்லிமீட்டர் கூடு பெரிதாகத் தெரியும் என்பதால் 38-இல் ஒன்று சொல்லியிருக்கிறேன். டயல் கடல்நீலம், தேதி வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஆகவே தேதி இல்லாத என்எச்38 மெஷின். சித்திரையில் மீண்டும் வருகிறார். நொடிமுள்ளைத் தானே ஏற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பயிற்சிக்கு அந்தப் பழைய கடிகாரத்தையே எடுத்து வைத்திருக்கிறேன்.