கம்போசிட்டர் தொலைத்த சொத்து

அச்சகத்தில் சேர்ந்த புதிதில் யாரும் எழுத்துக் கோக்கும் சிறு தட்டான ஸ்டிக்கைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். முதல் வேலை, பிரித்துப் போடுவது. அச்சடித்து முடித்த பாரத்தை, அதாவது கோத்துக் கட்டிய பக்கத்தை, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஒவ்வொரு ஈய எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். 'ன' இருக்கும் அறையில் 'ண' விழுந்திருந்தால் மறுநாள் ப்ரூப்பில் மானம் போகும். எழுத்துக் கோப்பதுகூடச் சீக்கிரம் கைவந்துவிடும். பிரிப்பதும், வரிக்கு வரி ஸ்பேஸ் செருகி இறுக்குவதும்தான் பொழுதைத் தின்னும். ஈய எழுத்தே வேண்டாத ஆஃப்செட் அச்சு வந்து, எழுத்து அறைகள் கொண்ட கேஸ்களை எடைக்குப் போடும்வரை எங்கள் பிழைப்பு அப்படித்தான் ஓடியது.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் திவாலான கதையைச் சொல்லிப் பலரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவரும் என்னைப்போல் எழுத்துக் கோக்கும் கம்போசிட்டர்தான். 1847இல் அப்பா இறந்தபின் ஹானிபலில் அச்சகப் பையனாகச் சேர்ந்து, 1853இல் நியூயார்க், பிலடெல்பியா வரை போய் எழுத்துக் கோத்தவர். பிறகு நாவலாசிரியராகி, இன்னொருவருடன் சேர்ந்து 1873இல் எழுதிய 'கில்டட் ஏஜ்' நாவலில், நாளைக்கே கோடீஸ்வரனாகிவிடுவேன் என்று அலையும் கர்னல் செல்லர்ஸைப் படைத்து ஊரையே சிரிக்க வைத்தார்.

அதே மனிதர்தான் 1880 வாக்கிலிருந்து ஜேம்ஸ் பேஜ் என்பவரின் அச்சுக்கோக்கும் இயந்திரத்தில் பணத்தைக் கொட்டினார். மனைவி ஒலிவியாவின் பிறந்தவீட்டுச் சொத்தும் அதில் போனது. நஷ்டம் சுமார் 3 லட்சம் டாலர். அந்த இயந்திரம் கோக்கும், வரியை இறுக்கும், பிரித்தும் போடும். கம்போசிட்டரின் கை செய்யும் அத்தனையும்! இதற்காகச் சுமார் 18,000 பாகங்கள். ஓடினால் அற்புதம், ஓடுவதுதான் அபூர்வம். 1886இல் 'நியூயார்க் ட்ரிப்யூன்' பத்திரிகையில் ஏறிய லைனோடைப் என்ற போட்டி இயந்திரமோ ஈயத்தை உருக்கி முழு வரியாக வார்த்தது. அடித்து முடித்தால் மறுபடி உருக்கிக்கொள்ளலாம், பிரிக்கும் வேலையே கிடையாது. பிரித்துப் பிரித்துக் கை மரத்தவருக்குப் பேஜின் இயந்திரம்தான் பிடிக்கும். நானாக இருந்தாலும் அதில்தான் போட்டிருப்பேன், போடப் பணம் இருந்திருந்தால்.

ட்வெயினின் பதிப்பகமும் தப்பவில்லை. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜெனரல் கிராண்டின் நினைவுக்குறிப்புகளை வெளியிட்டு, 1886இல் அவர் மனைவிக்கு 2 லட்சம் டாலர் செக் கொடுத்த நிறுவனம், 1894 ஏப்ரலில் திவால். ஸ்டாண்டர்ட் ஆயில் எண்ணெய் நிறுவனத்தின் பெரும்புள்ளி ஹென்றி ரோஜர்ஸ்தான் கை கொடுத்தார். முதல் காரியமாகப் புத்தக உரிமைகளை ஒலிவியா பெயருக்கு மாற்றினார். கடன்காரர்கள் கைக்கு அவை போகாமல் தப்பின. அந்த ஆண்டுக் கடைசியில் சிகாகோ பத்திரிகை ஒன்றில் பேஜ் இயந்திரத்தை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். நின்று நின்று போனது. அச்சுத் தொழிலுக்கு வெளியாளான ரோஜர்ஸ் அதோடு கணக்கை முடித்துவிட்டார்.

ஏறக்குறைய அறுபது வயதில் ட்வெயின் உலகம் சுற்றிப் பேசக் கிளம்பினார். கொழும்பு, பம்பாய், கல்கத்தா எல்லாம் 1896இல். அதே ஆண்டில் மகள் சூசியைப் பறிகொடுத்தார். 1898இல் கடன் பைசா பாக்கியில்லாமல் தீர்ந்தது. அதே வருடம் வியன்னாவில் ஒருவர் கம்பள டிசைன் போடும் இயந்திரம் கண்டுபிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு, முதலீடு செய்யலாமென்று ரோஜர்ஸுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, அது கைகூடவில்லை.