உறுதியான சீட்டு உள்ளவர்கள் மட்டும்

2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு நாளில் நின்ற பயணிகள் ரயில்கள் மார்ச் 31 வரைதான் ஓடாது என்றார்கள். அப்புறம் ஏப்ரல் 14, மே 3, மே 17 என்று தேதி தள்ளிக்கொண்டே போனது. நான் குமரி மாவட்டத்தில் பயணச்சீட்டுப் பரிசோதகராக வேலை பார்க்கிறேன். ரயிலே ஓடாதபோது உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று தெருவில் பலரும் கேட்டார்கள். நிலையம் ஒருநாளும் உறங்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டர், பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் எல்லோரும் முறை வைத்து வந்தார்கள். ரேஷன் அரிசி ஏற்றிய சரக்கு ரயில்கள் நாகர்கோவிலுக்கு வந்தன. மூட்டைகள் லாரியில் ஏறி பள்ளிவிளைக் கிட்டங்கிக்குப் போயின. அந்த ஏப்ரலில் அரிசி அட்டைக்காரர்களுக்கு அரசு விலையில்லாமல் கொடுத்த அரிசியை இறக்க, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சுமை தூக்கியவர்களை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். டீக்கடைகள் அடைத்துக் கிடந்ததால் வீட்டிலிருந்து யாராவது தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவருவார்கள். கொண்டுவந்தவர் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும், வேலையில் இருப்பவர் போய் வாங்கிவர வேண்டும். யார் உள்ளே வரலாம், யார் வரக் கூடாது என்ற கேள்வியை நான் முதலில் பார்த்தது அந்தத் தூக்குவாளியில்தான்.

மே 1 முதல் வடமாநிலத் தொழிலாளர்களுக்கான ஷ்ரமிக் சிறப்பு ரயில்கள் நாட்டில் ஓடத் தொடங்கின. அதற்கு நிலையத்தில் டிக்கெட் விற்பனை கிடையாது. மாநில அரசு தரும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அரசே பேருந்தில் கூட்டிவந்து பரிசோதித்து ஏற்றிவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரயில் போகிறது என்ற செய்தி மட்டும் காதில் விழுந்து, மூட்டை முடிச்சோடு நடந்தே வந்தவர்களும் இருந்தார்கள். கட்டட வேலைக்கு வந்த பையன்கள். அவர்களுக்குத் தமிழ் சரியாக வராது, எனக்கு இந்தி அரைகுறை. பெயரைப் பதிய எங்கே போக வேண்டும் என்று ஒரு தாளில் வழி வரைந்து கொடுத்தோம்.

ஜூன் 1 அன்று திருச்சி – நாகர்கோவில் சிறப்பு ரயில் வந்தபோதுதான் வாசல் வேலை முழுதாக எங்கள் தலையில் விழுந்தது. விதிகள் எழுத்தில் தெளிவாக இருந்தன. உறுதியான சீட்டு உள்ளவர்தான் நிலையத்துக்குள் வரலாம். புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னே வர வேண்டும். முகக்கவசம் வேண்டும், காய்ச்சல் பார்க்க வேண்டும், அறிகுறி இருந்தால் பயணம் இல்லை, முழுப் பணமும் திரும்ப வரும். காத்திருப்புப் பட்டியல்காரர் ஏற முடியாது. நடைமேடைச் சீட்டு கிடையாது. போதாததற்கு, ஊரடங்குக்காக அரசு மாவட்டங்களைப் பிரித்து வைத்த மண்டலங்களில் ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போக இ-பாஸ். அந்த ரயிலும் ஜூன் கடைசியில் நின்று, செப்டம்பர் 7 முதல்தான் வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

கூட்டத்தைக் குறைக்க இப்படி ஒரு விதி தேவைப்பட்டது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆசாரிபள்ளம் மருத்துவமனையில் படுக்கை கிடைக்குமா என்று எங்கள் சக ஊழியர்களே தவித்த காலம் அது. மனக்குறை வேறு இடத்தில். உறுதியான சீட்டு என்றால் முன்கூட்டித் திட்டமிட முடிந்தவர், செல்போனில் பதிவு செய்யத் தெரிந்தவர் என்று அர்த்தமாகிவிட்டது. அவசரம் யாருக்கு என்று அந்தச் சீட்டு சொல்வதில்லை.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது இன்னும் அதிகமாக வலிக்கும். நமக்குச் சென்னை எழுநூறு கிலோமீட்டர், திருவனந்தபுரமோ எழுபது. பெரிய நோய் என்றால் அங்குள்ள ஆர்.சி.சி. புற்றுநோய் மையம், இருதயமோ மூளையோ என்றால் ஸ்ரீசித்திரா மருத்துவமனை. குழித்துறை, இரணியல், பள்ளியாடி பக்கத்தில் இருந்து காலையில் பாசஞ்சரில் போய் ராத்திரி திரும்புகிற குடும்பங்கள் எத்தனையோ. அப்போது அந்த பாசஞ்சர் இல்லை. சீசன் டிக்கெட் செல்லவில்லை. பேருந்து மாநில எல்லையான களியக்காவிளையோடு சரி. பிறகு ஓடிய சிறப்பு ரயில்களில் பொதுப் பெட்டிக்கும் முன்பதிவுதான்.

அப்படி ஒருநாள் ஒரு பெண்ணும் அவர் அப்பாவும் வந்தார்கள். பெரியவருக்குத் தொண்டையில் புற்றுநோய், மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தது, பேச்சு வராது. மகள் கையில் ஆர்.சி.சி. கோப்பு. இருவருக்கும் தனித்தனியாக எடுத்ததில் அப்பாவின் சீட்டு உறுதியாகிவிட்டது, மகளுடையது காத்திருப்பில் நின்றுவிட்டது.

"சாரே, அப்பாவ மட்டும் விட்டா அங்க போயி என்ன சொல்லுவாரு? பேச முடியாதுல்லா?" என்றார்.

"எனக்குப் புரியுதும்மா. கொஞ்சம் நில்லுங்க, கேட்டுப் பார்க்கேன்."

மேலதிகாரியிடம் போனேன். அவரும் நல்ல மனிதர், தொலைபேசியில் இரண்டு மூன்று இடங்களில் கேட்டார். பயணிகள் பட்டியல் தயாராகி முடிந்துவிட்டது, விதியில் இடமில்லை என்றே பதில் வந்தது. அந்தப் பெண் கோபப்படவில்லை. சொந்தக்காரர் ஒருவருக்குப் போன் செய்து கார் ஏற்பாடு செய்தார். எல்லைச் சோதனைச் சாவடிக்கு அனுமதி எடுத்துக் கிளம்ப மதியமாகிவிட்டது. கார் கொடுக்க ஆள் இல்லாதவர் என்ன செய்திருப்பார்?

இதில் என்னால் ஏற்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை தரும் அதே ரயில்வே விதி, கூடச் செல்லும் ஒருவருக்கும் சலுகை தருகிறது. மூத்த குடிமக்களின் சலுகையை 2020 மார்ச் 20-இல் நிறுத்தியபோதும் நோயாளிகளுக்கான சலுகையைத் தொடவில்லை. நோயாளி தனியாகப் போக முடியாது என்று கட்டணம் வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாசலுக்கு விதி எழுதியபோது அது யாருக்கும் நினைவில் வரவில்லை.

தேவையைப் பார்த்து ஆளை உள்ளே விடுவது நடக்காத காரியமும் இல்லை. சென்னைப் புறநகர் ரயில்களில் 2020 அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர்களை அடையாள அட்டை பார்த்து ஏற்றினார்கள். நவம்பரில் நெரிசல் இல்லாத நேரத்தில் பெண்களை அனுமதித்தார்கள். அட்டையைக் காட்டி ஒரு ஊழியர் ஏறலாம் என்றால், மருத்துவமனையின் ஓ.பி. அட்டையைக் காட்டி ஒரு நோயாளியும் துணைக்கு ஒருவரும் ஏறலாம்தானே. போலி அட்டை வரும் என்பார்கள். வரலாம். பதிவு எண்ணும் வரச் சொன்ன தேதியும் அதிலேயே இருக்கின்றன, சரிபார்ப்பது எங்கள் தொழில், அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறோம்.

தொழிற்சங்கக் கூட்டத்தில் இதைப் பேசினேன். குறுந்தூரத்துக்கு ஒவ்வொரு வண்டியிலும் சில இருக்கைகளைக் கடைசி நேரம் வரை மருத்துவத் தேவைக்கு வைத்திருக்க வேண்டும், அதைக் கொடுக்கும் அதிகாரம் ஸ்டேஷன் மாஸ்டரிடமே இருக்க வேண்டும் என்றும் கேட்டேன். தலைமையகத்துக்கு எழுதுவதாகச் சொன்னார்கள். 2021 மே மாதம் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோதும் வாசலில் என் கையில் இருந்தது பழைய விதிதான். இப்போது ஊரடங்கு இல்லை, அதனால் யாருக்கும் இதில் அவசரம் இல்லை. விதியை உட்கார்ந்து திருத்த நேரம் இருப்பதும் இப்போதுதான் என்று பார்க்கிற அதிகாரிகளிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.