தெருமுனைச் சுவருக்கு ஓவியம் வந்த பதினான்கு மாதங்கள்

தியாகராய நகரில் எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே 120 அடி நீளத்துக்கு ஒரு மதில். போஸ்டர்மேல் போஸ்டர், அடியில் சிறுநீர் நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நிற்போம். கண்ணகி நகர் குடியிருப்புச் சுவர்களில் 2020-ல் வரைந்த பெரிய ஓவியங்களை நேரில் போய்ப் பார்த்ததிலிருந்து, எங்கள் தெருவுக்கும் ஒன்று வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை.

நலச்சங்கத்தில் முதலில் பேசியது சிலையைப் பற்றி. ஆனால் பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலை வைக்க அனுமதி தரக் கூடாது என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சரி, சுவர்தான் என்று முடிவானது.

அந்தச் சுவர் யாருடையது என்று கண்டுபிடிக்கவே நான்கு மாதம் ஆனது. பள்ளிக்கூட மதில் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். நில அளவை வரைபடத்தைப் பார்த்தபோது பாதி வேறொரு துறைக்குச் சொந்தம் என்று தெரிந்தது. இங்கே கேட்டால் அங்கே போகச் சொன்னார்கள். அங்கே போனால் முதலில் இவர்கள் கடிதத்தை வாங்கி வரச் சொன்னார்கள். கடைசியில் இரண்டு பக்கத்துப் பொறியாளர்களையும் ஒரே நாளில் சுவருக்குப் பக்கத்திலேயே வரவழைத்துப் பேசினோம். அரை மணி நேரத்தில் முடிந்தது. இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

அடுத்தது பணம். பெரிய நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு, அதாவது சிஎஸ்ஆருக்கு, செலவிட வேண்டும் என்பது சட்டம். அதற்கான பட்டியலில் கலையும் பண்பாடும் உண்டு. ஆனால் அந்தப் பணத்தை வாங்குகிற அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவம் கொடுத்துப் பதிவு செய்திருக்க வேண்டும். எங்கள் சங்கத்துக்கு அது இல்லை. பதிவு உள்ள ஓர் அறக்கட்டளை வழியாகக் கேட்டோம். ஜூனில் பதிலே போடாத நிறுவனம் ஜனவரியில் தானாகக் கூப்பிட்டது. மார்ச் 31-க்குள் அவர்களுக்குக் கணக்கு முடிய வேண்டுமே. தங்கள் சின்னத்தைச் சுவரின் நடுவில் போடக் கேட்டார்கள். மூலையில் ஒரு சிறு பலகைக்குமேல் நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதில் விட்டுக்கொடுத்திருந்தால் அது விளம்பரச் சுவராகத்தான் ஆகியிருக்கும்.

இதற்கிடையில் ஓவியர் ஒரு மாதிரி வரைந்து வந்தார். அழகாகவே இருந்தது. சுவருக்கு எதிரே பூக்கட்டும் அம்மாவிடம் காட்டியபோது அவர் சொன்னார்: “தெனமும் இந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது நான்தாம்மா. எங்கிட்ட யாரும் கேக்கலையே.” எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை சுவரடியிலேயே பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆட்டோ ஓட்டுபவர்கள், பள்ளிப் பிள்ளைகள், இஸ்திரி வண்டிக்காரர் என்று வந்தவர்களை எல்லாம் கேட்டோம். பெரியவர் ஒருவர், இங்கே முன்பு மாம்பலம் ஏரி இருந்ததைத் தன் தாத்தா சொல்லக் கேட்டதாகச் சொன்னார். அந்த ஏரியின் பெரும்பகுதியைத் தூர்த்துத்தான் 1920-களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். பிள்ளைகளில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. “இங்க தண்ணி இருந்துச்சா?” என்று ஒரு பையன் தரையைப் பார்த்தான். பழைய மாதிரி அன்றோடு போயிற்று. ஏரி, கரைப் பனைகள், நாரைகள் என்று புதிதாக வரைந்தார் ஓவியர். கரையில் பூக்கட்டும் ஒரு பெண்ணும் உண்டு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் குடித்த தண்ணீர் காயாமல் வண்ணம் நிற்காது என்பதால் பிப்ரவரியில்தான் வேலையைத் தொடங்கினோம். மொத்தச் செலவு 1,90,000 ரூபாய். அதில் 70,000 சுவருக்கே போனது: பொரிந்த சுண்ணாம்பைச் சுரண்டி, ஓதம் ஏறிய இடத்தில் பூச்சை உடைத்து மறுபடி பூசி, பிரைமர் அடித்து, சாரம் கட்டி. நிறுவனத்துக்கு இந்தத் தொகை அதிகமாகத் தெரிந்தது. ஓவியர் ஒரு ரூபாய்கூடக் குறைக்க விடவில்லை, அதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். பராமரிப்புக்கென்று 25,000 தனியாக வேண்டும் என்று நாங்கள் பிடித்த பிடியைத்தான் கடைசிவரை அவர்கள் ஏற்கவில்லை. அதை வீட்டுக்கு வீடு வசூலித்து வங்கியில் போட்டோம்.

போன மழையில் சாக்கடை மூடிப் பக்கம் இரண்டடிக்கு ஓதம் ஏறி ஒரு நாரையின் கால் உதிர்ந்துவிட்டது. தை பிறந்ததும் ஓவியர் வருகிறார், கூலி அந்த வங்கிக் கணக்கிலிருந்து. என்றைக்கு வருகிறார் என்று பூக்கார அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.